எந்த எண் யாருக்கு? வீட்டில் கட்டிய விமானத்தின் இயந்திரக் காட்டிகள்

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிட்டி ஹாக் சிற்றூருக்கு அருகிலுள்ள மணற்பரப்பில் ரைட் உடன்பிறப்பினர் பறந்த விமானத்தில் மூன்று அளவுக் கருவிகள் இருந்தன. பறந்த நேரத்தைக் குறிக்க ஒரு நிறுத்துக் கடிகாரம். காற்றினூடே கடந்த தொலைவை எண்ண ஒரு காற்றுமானி. இயந்திரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ண ஒரு சுற்றெண்ணி. ஒரே நெம்பைத் திருப்பினால் மூன்றும் ஒருசேர நின்றுவிடும். அன்றைய பறப்புகளுள் மிக நீண்டது 59 விநாடி. குப்புறப் படுத்தபடி விமானத்தை நிலைநிறுத்தப் போராடிய மனிதருக்கு அந்த மூன்றில் ஒன்றையேனும் பார்க்க நேரமில்லை. பார்க்க வேண்டும் என்று அவை வைக்கப்படவும் இல்லை. தரையிறங்கிய பின் நிதானமாகப் படிப்பதற்கே அவை வைக்கப்பட்டன.

அந்த விமானமும் ஒருவகையில் வீட்டில் கட்டிய விமானமே. ஓஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் இருந்த மிதிவண்டிக் கடையில் அதன் இயந்திரம் உருவாயிற்று. இன்று அமெரிக்காவில் தம் வீட்டு வாகனக் கொட்டகையில் சிறு விமானம் கட்டுவோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். ஒரிகன் மாநிலத்தின் வான்ஸ் நிறுவனம் விற்கும் ஆர்.வி. வகை உறுப்புத் தொகுதிகளைக் கொண்டு கட்டப்பட்ட விமானங்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேல் பறந்துள்ளன. விமானத்தின் பெரும்பகுதியைத் தொழில்முறையினர் அல்லாதார், தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ கட்டியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் விதி. சட்டத்தில் ‘கல்வி’ என்னும் சொல் இடம்பெற்றிருப்பது ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி தரலாம்.

அவ்வாறு கட்டுகிறவர் ஒருநாள் வெறுமையான ஓர் அலுமினியப் பலகையின் முன் அமர்கிறார். அதில் எந்தெந்த அளவுகாட்டிகளுக்குத் துளையிடுவது என்பதை அவரே முடிவு செய்தாக வேண்டும். தொழிற்சாலையில் கட்டப்பட்ட விமானத்தில் இயந்திரச் சுழற்சி, எண்ணெய் அழுத்தம், எண்ணெய் வெப்பம், ஒவ்வொரு தொட்டியின் எரிபொருள் அளவு ஆகியவற்றைக் காட்டும் கருவிகள் கட்டாயம் இருக்க வேண்டும். பகலில் தெளிந்த வானில் மட்டும் பறக்கும் வீட்டு விமானத்தை அப்பட்டியல் அதே கண்டிப்போடு கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே தேர்வும் அதன் பொறுப்பும் கட்டுகிறவருடையவை. அது சிறிய பொறுப்பன்று. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு விமான விபத்துகளில் மிகுதியாகக் காணப்பட்டவை இரண்டு: இயந்திரச் செயலிழப்பு ஒன்று, பறக்கையில் கட்டுப்பாட்டை இழத்தல் மற்றொன்று.

மேலும் செல்லுமுன் சொற்களைச் சற்றுத் துலக்கிக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டப்படும் கருவியை நாம் மூன்றாகப் பிரிக்கலாம். இயந்திரத்தில் பொருந்தி வெப்பத்தையோ அழுத்தத்தையோ உணர்வது உணரி. அதை எண்ணாக மாற்றுவது மானி. அந்த எண்ணைக் கண்ணுக்கு எட்டச் செய்வது காட்டி. உணர்தல் வேறு, அளத்தல் வேறு, காட்டுதல் வேறு. இது வெறும் சொல்லாய்வு அன்று. விமானிக்கு எட்டும் எண் இம்மூன்றில் எந்த இடத்திலும் பொய்யாகலாம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

நான்கு உருளைகள் கொண்ட, 160 குதிரைத்திறனுடைய லைகமிங் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் என்று பட்டறையில் வழங்குவதையே உருளை என்கிறோம். இன்றைய மின்னணுக் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தினால் நான்கு உருளைத்தலை வெப்பங்கள், நான்கு வெளியேறு புகை வெப்பங்கள், எண்ணெய் அழுத்தமும் வெப்பமும், சுழற்சி, உள்ளிழுப்புக் குழாய் அழுத்தம், எரிபொருள் ஓட்டமும் அழுத்தமும், இரு தொட்டிகளின் அளவு, மின்னழுத்தம், மின்னோட்டம் எனப் பதினெட்டு எண்கள் ஒரே திரையில் ஒளிரும். விளம்பரப் படத்தில் அது கண்கொள்ளாக் காட்சி. ஆயிரம் அடி உயரத்தில் இயந்திரம் நின்றுபோனால் தரையைத் தொட ஏறத்தாழ ஒரு நிமிடமே எஞ்சும். அந்த நிமிடத்தில் பதினெட்டு எண்களை எவரும் படிப்பதில்லை.

எனவே ஒவ்வொரு எண்ணையும் பலகையில் ஏற்றுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த எண் மாறினால் விமானியின் கை என்ன செய்யும்? உடனே செய்யத்தக்கது உண்டெனில் அந்த எண் கண்ணுக்கு நேரே இடம்பெற வேண்டும். இல்லையெனில், ரைட் உடன்பிறப்பினரின் சுற்றெண்ணியைப் போல அதைப் பதிவு செய்துவைத்துத் தரையில் படித்துக்கொள்ளலாம்.

இக்கேள்வியில் முதலில் தேறுவது எண்ணெய் அழுத்தம். நாம் எடுத்துக்கொண்ட இயந்திரத்தில் பறக்கும்போது சதுர அங்குலத்துக்கு 60 முதல் 90 பவுண்டு வரை இருப்பது இயல்பு. அது சரிந்தால் உலோகத்தோடு உலோகம் உராயத் தொடங்கும். இயந்திரத்துக்குச் சில நிமிடங்களே மிஞ்சும். விமானி செய்ய வேண்டியதில் ஐயமில்லை. இறங்க இடம் தேடி அதை நோக்கித் திரும்ப வேண்டும். இங்கே எண்ணெய் வெப்பம் துணைச் சான்றாக நிற்கிறது. அழுத்தம் சுழியத்துக்கு விழுந்தும் வெப்பம் அசையாமல் நின்றால் பழுது உணரியில் இருக்கலாம். வெப்பமும் ஏறினால் பழுது இயந்திரத்தில்தான். ஆயினும் எண்ணெய் முழுவதும் ஒழுகிப்போனால், வெப்ப உணரி வெறுங்காற்றில் நின்று அமைதியான எண்ணையே காட்டக்கூடும். ஆகவே எந்த நிலையிலும் இறங்குமிடம் நோக்கித் திரும்பிய பிறகே ஆராய்ச்சி.

இங்கே ஒன்றை இடைச்செருகலாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் அழுத்த உணரி சற்றுக் கனமானது. அதைப் பித்தளை இணைப்பொன்றின் வழியே இயந்திரத்தின் மீதே திருகிவிடுவது எளிது. ஆனால் இயந்திரம் நொடிதோறும் அதிர்கிறது; கனமான உணரி ஆடி ஆடி அந்தப் பித்தளை களைத்து முறிந்துவிடலாம். முறிந்தால் எண்ணெய் பீறிட்டு வெளியேறும். எண்ணெய் குறைவதை அறியப் பொருத்திய கருவியே எண்ணெயை இழக்கச் செய்துவிடும். அறிந்த கட்டுநர்கள் உணரியை இயந்திரத்துக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரில் பொருத்தி, நெகிழ்குழாயால் இணைத்து, இயந்திரப் பக்கத்து முனையில் ஊசித்துளை அளவே திறப்புள்ள இணைப்பை வைக்கின்றனர். குழாய் அறுந்தாலும் ஒழுகுவது சொட்டுகளாகவே இருக்கும்.

சுழற்சிக்கு வருவோம். புரொப்பெல்லர் என்னும் சுழல்விசிறியின் இதழ்க்கோணம் மாறாததாயின், நிமிடச் சுழற்சியே இயந்திரத் திறனின் அளவு. ஓடுபாதையில் முழு விசை கொடுத்ததும் தன் விசிறிக்கு உரிய எண் வரவில்லையெனில் விமானி விசையைக் குறைத்து நின்றுவிடலாம். கார்புரேட்டரில் பனி படிந்தாலும் இந்த எண்தான் முதலில் தாழும். ஆனால் கோணம் தானே மாறிச் சுழற்சியை நிலைநிறுத்தும் விசிறியைப் பூட்டினால் கதை மாறிவிடும். பனி படிந்து திறன் குறையக் குறைய விசிறி தன் கோணத்தைத் தளர்த்திக்கொண்டு அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்போது உண்மையைச் சொல்வது உள்ளிழுப்புக் குழாய் அழுத்தம். ஆகவே இரண்டில் எது முதன்மை என்பதைக் கட்டுநர் வாங்கும் விசிறி முடிவு செய்கிறது. நண்பர் விமானத்துப் பலகையைப் பார்த்து அப்படியே படியெடுப்போர் இதைப் பல நேரம் கவனிப்பதில்லை.

எரிபொருளில் இரண்டு வகை அறிவு உண்டு. தொட்டிக்குள் மிதவை ஒன்று ஏறி இறங்கி, உள்ளது எவ்வளவு என்று சொல்கிறது. குழாயில் பொருத்திய சிறு சக்கரம், ஓடும் எரிபொருளால் சுழன்று, செலவானது எவ்வளவு என்று எண்ணுகிறது. பின்னது மிக நுட்பமானது. அதனாலேயே ஆபத்தானதும் கூட. தொடங்கும்போது தொட்டியில் இவ்வளவு இருந்தது என்று விமானி சொன்னதை நம்பி அது கழித்துக்கொண்டே போகிறது. அவர் தவறாகச் சொல்லியிருந்தால் தசமப் புள்ளி வரை துல்லியமாகப் பொய் சொல்லும். உணரிக்கு முன்னால் குழாய் ஒழுகினால் அந்த ஒழுகல் அதன் கணக்கில் ஏறவே ஏறாது. அது கணக்கேடு, மிதவையோ பானைக்குள் எட்டிப் பார்ப்பது. மிதவை முரடானது, பானையின் மேற்பகுதியை அது அறியாமலும் இருக்கலாம். ஆனால் இரண்டும் வெவ்வேறு வழியில் அறிபவை. இரண்டும் பிணங்கினால் குறைந்ததை நம்பி இறங்க வேண்டும் என்பதே விதி. புறப்படுமுன் அளவுகுச்சியால் தொட்டியை அளப்பது இவ்விரண்டுக்கும் மூத்தது.

இனி வெப்பங்கள். இங்கே சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் கட்டுநர்களை மிகுதியும் மயக்குவது இப்பகுதியே.

1821இல் தாமஸ் சீபெக் என்னும் ஆய்வாளர், இருவேறு உலோகங்களை இணைத்து வளையமாக்கி ஒரு சந்தியைச் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்த ஊசி திரும்பக் கண்டார். அந்த விளைவில் பிறந்ததே வெப்ப மின்னிரட்டை. புகை வெப்பத்துக்குக் குரோமெல், அலுமெல் என்னும் உலோகக் கலவைகளின் இணையும், உருளைத்தலை வெப்பத்துக்குப் பெரும்பாலும் இரும்பும் கான்ஸ்டன்டனும் சேர்ந்த இணையும் பயன்படுகின்றன. முதல் இணை 800 பாகை செல்சியசில் தருவது ஏறத்தாழ 33 மில்லிவோல்ட்டே. மாணவர்கள் கவனிக்க வேண்டியது, மின்னிரட்டை அளப்பது வெப்பநிலையை அன்று. இரு முனைகளுக்கு இடையிலான வெப்பநிலை வேறுபாட்டையே அது அளக்கிறது. மறுமுனை பலகைக்குப் பின்னால் இருக்கிறது என்று மானி கருதி, அந்த இடத்தின் வெப்பத்தைக் கூட்டிக்கொள்கிறது. கம்பி எட்டவில்லையென்று கட்டுநர் ஒருவர் இயந்திர அறைக்குள்ளேயே சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டி நீட்டிவிட்டார் என்று கொள்வோம். இப்போது மறுமுனை அந்த ஒட்டில் இருக்கிறது. ஒட்டு 60 பாகையிலும் பலகை 25 பாகையிலும் இருந்தால் எண் 35 பாகை குறைந்துவிடும். இந்த இயந்திரத்தின் உருளைத்தலைக்கு உச்ச எல்லை 260 பாகை செல்சியஸ். அங்கே அது எட்டியபோதும் காட்டி 225 என்றே சொல்லும். உணரியும் பழுதில்லை, காட்டியும் பழுதில்லை. பொய் வந்தது இடையிலிருந்த இரண்டு முழக் கம்பியால்.

உருளைத்தலை வெப்பத்துக்கும் புகை வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. உருளைத்தலை அலுமினியக் கலவையால் ஆனது. சூடேற ஏற வலுவிழக்கும். ஆகவே அதன் எண் தன்னளவிலேயே பொருளுடையது. நெடுநாள் உழைக்க வேண்டுமானால் விரைவுப் பறப்பில் 435 பாகை ஃபாரன்ஹைட்டுக்கும், அதாவது 224 செல்சியசுக்கும், சிக்கனப் பறப்பில் 400 பாகை ஃபாரன்ஹைட்டுக்கும் கீழே வைத்திருங்கள் என்பது இயந்திரம் செய்தவர்களின் அறிவுரை. ஏறினால் செய்யத்தக்கதும் உண்டு: மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டிக் காற்றோட்டம் பெறலாம், கலவையில் எரிபொருளை மிகுத்துக் குளிர்விக்கலாம், விசையைக் குறைக்கலாம்.

புகை வெப்பம் அப்படியன்று. அது பெரிய எண், நொடியில் துள்ளும், பார்ப்பதற்குப் பரபரப்பாக இருக்கும். ஆனால் உணரியைப் புகைக்குழாயில் சற்றுத் தள்ளித் துளையிட்டால் எண் மாறிவிடும். எனவே ‘என் மூன்றாம் உருளை மற்றவற்றைவிடச் சூடாக எரிகிறது’ என்று கவலைப்படுவோர் பல நேரம் தம் துளைக்கருவியின் பிழையையே அளந்துகொண்டிருக்கிறார்கள். அதன் பயன் ஒப்பீட்டில் உள்ளது. கலவையில் எரிபொருளைக் குறைக்கக் குறைய அவ்வெப்பம் ஏறி உச்சம் தொட்டு இறங்கும். உச்சம் எங்கே என்பதே செய்தி. ஒரு ஸ்பார்க் பிளக் செயலிழந்தால் அந்த உருளையில் மட்டும் எரிதல் நீடித்துப் புகை வெப்பம் உயரும். எந்த உருளை என்று விரல் நீட்டிக் காட்டிவிடும். ஆனால் இது தனியே நின்றால் ஏமாற்றவும் வல்லது. கலவை சீராக எரியாமல் படபடவென வெடித்தெரியும் கேடு நேரும்போது, வெப்பம் புகையில் போகாமல் உருளைத்தலைக்குள் புகுகிறது. புகை வெப்பம் தாழ்கிறது; உருளைத்தலை வெப்பம் விரைந்தேறுகிறது. புகையை மட்டும் பார்ப்பவர் இயந்திரம் குளிர்கிறது என்று மகிழ்ந்திருப்பார்.

பணம் மிச்சம் பிடிக்க, மிகச் சூடான உருளையில் ஒரே உணரியைப் பொருத்துவது பழைய வழக்கம். ஏற்றத்தில் சூடேறும் உருளை வேறு, சமதளப் பறப்பில் சூடேறும் உருளை வேறு என்பதால் அது போதாது என்பது நம் கருத்து. நான்கிலும் உணரி வேண்டும். ஆனால் நான்கு எண்களும் கண்முன் வேண்டா. அவற்றுள் உயர்ந்தது ஒன்றும் அது எந்த உருளையுடையது என்பதும் தெரிந்தால் போதும்.

எதைக் காட்டுவது என்பதற்கு நிகரான வினா, எப்படிக் காட்டுவது என்பது. 1989 ஜனவரி 8ஆம் நாள் லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் சென்ற போயிங் 737-400 பயணியர் விமானத்தில் இடப்பக்க இயந்திரத்தின் விசிறி இதழ் ஒன்று முறிந்தது. அதிர்வும் புகைநெடியும் எழுந்தன. விமானிகள் நல்ல நிலையிலிருந்த வலப்பக்க இயந்திரத்தை நிறுத்திவிட்டனர். இங்கிலாந்தின் கெக்வொர்த் ஊரருகே விமானம் விழுந்தது. இருந்த 126 பேரில் 47 பேர் மாண்டனர். இடப்பக்க இயந்திரத்தின் அதிர்வுக்காட்டி உச்ச அளவைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. உணரி உணர்ந்தது, மானி அளந்தது, காட்டியும் காட்டியது. ஆனால் அது சிறு வட்டம். பழைய முள்ளுக்கு மாறாக, வட்டத்தின் விளிம்பில் ஒளிப்புள்ளிகளால் ஆன சிறு குறி. பழைய வகை விமானங்களில் அதிர்வுக்காட்டிகள் நம்பத்தகாதவை என்ற பெயரும் விமானிகளிடையே இருந்தது. விசாரணை அறிக்கை இந்தக் காட்டிகளின் வடிவத்தைத் தனியே ஆராய்ந்தது.

பயணியர் விமானத்துக்கு நேர்ந்தது வீட்டு விமானத்துக்கும் பொருந்தும். ஓர் எண் இயல்பா, இயல்பு மீறியதா என்பதை முள்ளின் சாய்வு ஒரு கண்வீச்சில் சொல்லும். வெறும் இலக்கத்தைப் படித்து, நினைவிலுள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். ஆகவே சுழற்சிக்கும் எண்ணெய் அழுத்தத்துக்கும் முள்ளோ, முள்போன்ற பட்டையோ நல்லது. எரிபொருள் ஓட்டத்துக்கு இலக்கமே நல்லது. எச்சரிக்கை விளக்கை உச்ச எல்லையில் வைப்பது பயனற்றது. அது எரியும்போது காலம் கடந்திருக்கும். உருளைத்தலைக்கு 400 பாகை ஃபாரன்ஹைட்டில் எரியுமாறு வைத்தால் செயல்பட நேரம் கிடைக்கும். இன்னும் தாழ்த்தினால் ஒவ்வோர் ஏற்றத்திலும் எரிந்து, விமானி அதைப் பார்க்காமல் அணைக்கக் கற்றுக்கொள்வார்.

ஒரே சான்றை நம்பிக் கெட்டதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1982 ஜனவரி 13ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பனிப்பொழிவில் புறப்பட்ட 737 விமானம் ஒன்றில், உந்துவிசையைக் கணிக்க உதவும் அழுத்த உணரியின் வாய் பனியால் அடைபட்டது. அழுத்த விகிதம் உண்மையில் 1.70 அளவில் இருக்க, காட்டி 2.04 என்றது. சுழற்சி முதலிய மற்ற காட்டிகள் விசை போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தன. துணை விமானி ஐயத்தை வாய்விட்டுச் சொன்னார். ஆயினும் ஓட்டம் நிற்கவில்லை. விமானம் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. 78 பேர் இறந்தனர்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு அந்த அலுமினியப் பலகைக்குத் திரும்பினால் நாம் இடும் துளைகள் சிலவே. நேர் எதிரே சுழற்சியும் எண்ணெய் அழுத்தமும். விசிறி கோணம் மாறுவதாயின் உள்ளிழுப்பு அழுத்தமும். அவற்றின் அருகே உயர்ந்த உருளைத்தலை வெப்பம், எண்ணெய் வெப்பம், இரு தொட்டிகள், மின்னழுத்தம். எரிபொருள் ஓட்டமும் புகை வெப்பமும் விமானி கேட்டால் மட்டும் தோன்றும் அடுத்த பக்கத்தில். எண்கள் யாவும் ஒரே மின்னணுப் பெட்டிக்குள் இருப்பதால், அப்பெட்டி இருண்டால் யாவும் இருளும். ஆகவே எண்ணெய் அழுத்தத்துக்கு மட்டும் தனி விசையும் தனிக் கம்பியும் கொண்ட சிவப்பு விளக்கு ஒன்று. அதற்கான செலவு பெட்டியின் விலையில் மிகச் சிறு பகுதியே.

எஞ்சியவை பதிவேட்டுக்கு உரியவை. அங்கே புகை வெப்பம் தன் முழு மதிப்பைப் பெறுகிறது. வெளியேற்று வால்வு ஒன்று சரியாக மூடாமல் விளிம்பு கருகத் தொடங்கும்போது, அந்த உருளையின் புகை வெப்பம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும். அந்த அலை மிகச் சிறியது. பறக்கும்போது எவர் கண்ணுக்கும் படாது, பட்டாலும் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. மாலையில் நினைவட்டையைக் கழற்றிக் கணினியில் கோட்டுப்படமாக விரித்தால், மூன்று கோடுகள் நேராகச் செல்ல, ஒன்று மட்டும் நெளிவது தெரியும். மறுநாள் அந்த உருளையின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியே சிறு கேமராவை நுழைத்துப் பார்க்கலாம். வால்வின் விளிம்பில் ஒருபுறம் மட்டும் நிறம் மாறியிருந்தால் விமானம் அன்று கொட்டகையைவிட்டு வெளியே வராது.